ஆங்கில ரொகோகோ வெள்ளிப் பாத்திரங்கள்: எது தேறும், எது தேறாது

சுமார் 1735 முதல் 1765 வரை லண்டன் பட்டறைகளில் உருவான வெள்ளி மேசைப் பாத்திரங்களைத்தான் சந்தையில் ஆங்கில ரொகோகோ என்று விற்கிறார்கள். சிப்பி, அலை, சுருள் இலை, பூ, பூச்சி, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும் கோடு ஆகியவை இதன் அடையாளங்கள். சாஸும் கிரேவியும் ஊற்றும் படகு வடிவச் சாஸ்போட், மெழுகுவர்த்தித் தாங்கி, கேக் கூடை, சால்வர் தட்டு, பால் குவளை, நடுமேசையில் வைக்கும் எபெர்ன் ஆகியவை அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் விருந்து மேசையில் எடுத்து வைக்கவும் விரும்புகிறவர்களுக்காக இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வார்ப்பு மெழுகுவர்த்தித் தாங்கியும் நல்ல சாஸ்போட்டும் கொடுத்த காசுக்குத் தகும். கேக் கூடை அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும். பழுதிலும் அதுவே முதலிடம். எபெர்ன் எல்லாப் பாகங்களும் ஒரே பட்டறை, ஒரே ஆண்டு என்று நிரூபணமானால் மட்டும். எதுவானாலும் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

நம் ஊரில் வெள்ளி வாங்கும்போது எடை, தரம், செய்கூலி என்று பிரித்துக் கேட்கிறோம். அன்றைய லண்டன் ரசீதுகளிலும் அதே கணக்குதான்: வெள்ளிக்கு அவுன்ஸுக்கு இவ்வளவு, வேலைப்பாட்டுக்கு அவுன்ஸுக்கு இவ்வளவு. ரொகோகோ பாணி வந்ததும் செய்கூலி ஏறியது. ஒவ்வொரு காலும், கைப்பிடியும், விளிம்புச் சிப்பியும் தனியாக மாதிரி செய்து, வார்த்து, அரம் போட்டு, உடலோடு பற்றவைத்து, கடைசியில் உளியால் நகாசு செய்ய வேண்டியிருந்தது. இன்று நாம் கொடுக்கும் விலையும் பெரும்பாலும் அந்த நகாசுக்குத்தான். ஆகவே அது தேய்ந்து மழுங்கிய பாத்திரம் எவ்வளவு கனமாக இருந்தாலும் பாதிச் சரக்குதான்.

சாஸ்போட்

1740-களின் சாஸ்போட் பெரும்பாலும் 18 முதல் 22 செ.மீ. நீளம், 12 முதல் 18 ட்ராய் அவுன்ஸ் எடை இருக்கும். ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம், அப்படியானால் ஏறத்தாழ 370 முதல் 560 கிராம். உடல் தகட்டை அடித்து எழுப்பியது. மூன்று கால்களும் கைப்பிடியும் வார்ப்பு. கால் உடலோடு சேரும் இடத்தில் சிப்பி அல்லது சிங்க முகம், கீழே குளம்பு அல்லது மறுபடியும் சிப்பி.

இதன் பலவீனங்கள் அமைப்பிலேயே இருக்கின்றன. மெல்லிய தகட்டின் அடியில் கனமான வார்ப்புக் கால் நிற்கிறது. யாராவது மேசையில் தொப்பென்று வைத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கால்களுக்குப் போய், கால் உடலுக்குள் அமுங்கும். உள்ளே விரலை விட்டுத் தடவினால் கால் இருக்கும் இடத்தில் சிறு மேடு தட்டுப்படும். லேசான மேடு பரவாயில்லை. மேட்டைச் சுற்றி மயிரிழைக் கோடு தெரிந்தால் தகடு வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெளிச்சம் கசியும்.

அடுத்தது கைப்பிடி. மேல் நுனி விளிம்பைத் தொடாமல் காற்றில் சுருண்டு நிற்கும் பறக்கும் கைப்பிடிதான் இந்தக் காலத்தின் மிக அழகான கண்டுபிடிப்பு. பக்கவாட்டில் பார்க்கும்போது இலை நுனி மேலே எழும்பி, பாத்திரமே நகரத் தொடங்கியதுபோல் இருக்கும். ஆனால் சாஸ் நிறைந்த பாத்திரத்தின் முழுப் பாரமும் கீழ்ப்பக்கத்து ஒரே இணைப்பில் விழுகிறது. அங்கே மங்கலான சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஈயப் பற்று. அதோடு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஈயம் இருக்கும் இடத்தை மறுபடி சூடாக்கினால் அது வெள்ளிக்குள் உருகி இறங்கிக் குழி விழவைக்கும். ஆகவே ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பட்டறையாலும் வெள்ளிப் பற்று வைக்க முடியாது. வெள்ளிப் பற்றால் நேர்த்தியாகச் செய்த பழைய பழுது குறையே இல்லை. விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

மூன்றாவது, விளிம்பு. அலை அலையாக வெட்டி அப்படியே விட்ட விளிம்பு சீக்கிரம் கிழியும். மேலே கம்பியோ வார்ப்புப் பட்டையோ ஒட்டிய விளிம்பு தாங்கும். அன்றாடம் எடுக்க நினைத்தால் இரண்டாவது வகையே நல்லது.

ஊற்றும் தன்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. அகன்ற மூக்கு என்பதால் கெட்டியான கிரேவி ஒரே சீராக இறங்கும். நீர்த்த சாஸ் மூக்கின் அடியில் வழியும். கீழே ஒரு தட்டு வைத்தே பரிமாறுங்கள். வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்துவதால் கிரேவி விரைவில் ஆறும். கொதிக்காத சுடுநீரை ஊற்றி 2 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்பினால் ஓரளவு தாங்கும். இந்தக் குறைக்காகத்தான் பின்னாளில் சுடுநீர் அறை வைத்த, மூடியிட்ட ஆர்கைல் என்ற பாத்திரம் வந்தது. இணையாக இரண்டு வாங்கினால் விலை இரு மடங்குக்கும் மேலே போகும். மேசைப் பயன்பாட்டுக்கு ஒற்றையே போதும்.

அடியில் என்ன பார்க்க வேண்டும்

லண்டன் பாத்திரத்தில் நான்கு முத்திரைகள் இருக்க வேண்டும்: நடக்கும் சிங்கம், அதாவது 1000-க்கு 925 பங்கு வெள்ளி, கிரீடம் தரித்த சிறுத்தைத் தலை, அதாவது லண்டன், ஆண்டு எழுத்து, செய்தவரின் முத்திரை. ஆண்டு எழுத்துக்கள் 20 எழுத்துச் சுற்றாக வரும். ஜே எழுத்தும் வி முதல் இசட் வரையிலான எழுத்துக்களும் கிடையாது. ரொகோகோவின் உச்சம் கிட்டத்தட்ட ஒரே சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது: சிறிய ஏ என்றால் 1736, சிறிய ஜி என்றால் 1742, சிறிய யு என்றால் 1755. எழுத்து மே மாதத்தில் மாறும். ஆகவே 1742 என்பது 1743-இன் தொடக்க மாதங்களையும் சேர்த்தது. 1739-இல் சட்டப்படி எல்லாப் பட்டறைகளும் பெயர், குடும்பப் பெயர் இரண்டின் முதலெழுத்துக்களோடு புதிய முத்திரை பதிய வேண்டியிருந்தது.

அரசர் தலை முத்திரை இருந்தால் அது 1784-க்கு முந்தையது அல்ல. பாணியைக் காட்டி 1745 என்று எவ்வளவு சொன்னாலும் கேட்க வேண்டாம்.

1720 முதல் 1758 வரை வெள்ளிக்கு அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி இருந்தது. கனமான பாத்திரத்துக்கு அது பெரிய தொகை. சில பட்டறைகள் ஒரு சிறு துண்டை மட்டும் சோதனைக்கு அனுப்பி, அதற்கு வரி கட்டி, முத்திரை விழுந்த அந்தத் துண்டைப் பெரிய பாத்திரத்தில் பதித்துவிட்டன. புகழின் உச்சியில் இருந்த லண்டன் வெள்ளிக் கைவினைஞர் பால் டி லாமெரியும் இதைச் செய்தவர்தான். 1758-இல் முத்திரையைப் போலியாக்குவது மரண தண்டனைக் குற்றமானது. பின்னாளில் ஏமாற்ற நினைத்தவர்களும் சின்னக் கரண்டியிலிருந்தோ உடைந்த தட்டிலிருந்தோ முத்திரையை வெட்டிப் புதிய பாத்திரத்தில் பதித்தார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, முத்திரையின் மேல் மூச்சை ஊதுவது. ஈரம் படிந்து விலகும் அந்த ஓரிரு நொடியில் சுற்றிலும் பற்றவைத்த கோடு வட்டமாகவோ செவ்வகமாகவோ எழும்பித் தெரியும். அதே மூச்சு, பொறித்த குலச்சின்னத்தை அழித்த இடத்தையும் காட்டிக்கொடுக்கும்.

சின்னம் அழித்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும். இரு கட்டை விரல்களால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய் வரும். அப்படிப்பட்ட பாத்திரத்தில் புதிதாகக் கூர்மையாகப் பொறித்த சின்னம் இருந்தால், சுற்றியுள்ள நகாசின் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள். நகாசு மழுங்கி, சின்னம் மட்டும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாக இருந்தால் அது பின்னால் ஏறியது.

இனி எடை. அடியில் கூரான ஊசியால் கீறிய எண்கள் இருந்தால் அது பொக்கிஷம். 14=6 என்றால் 14 அவுன்ஸ் 6 பென்னிவெயிட்; 20 பென்னிவெயிட் ஒரு அவுன்ஸ். கணக்குப் போட்டால் 14.3 அவுன்ஸ், ஏறத்தாழ 445 கிராம். தராசில் 430 வந்தால் 250 ஆண்டுத் துடைப்பில் போன தேய்மானம் என்று ஏற்றுக்கொள்ளலாம். 400-க்குக் கீழே போனால் சின்னத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், அல்லது ஏதோ ஒரு பாகம் கழன்றிருக்கிறது. 445-ஐவிடக் கூடுதலாக வந்தால் இன்னும் கவனம்: பின்னால் விளிம்போ காலோ ஈயமோ சேர்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கீறிய எடை சில நேரம் முழு இணைக்கும் சேர்த்து எழுதியதாக இருக்கும்.

மிகப் பரவலான மோசடி வேறு. இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜ் காலத்தில் வெறுமையாக இருந்த பாத்திரங்களை 19-ஆம் நூற்றாண்டில் எடுத்துப் பூவும் கொடியும் அடித்து நிரப்பினார்கள். ஏமாற்றி விற்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம் எல்லோருக்கும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அன்றைய ரசனை அது. ஆனால் இன்று அதை ரொகோகோ என்று விற்பது தவறு. பால் குவளை, காபிப் பாத்திரம், சால்வர் மூன்றிலும் இது அதிகம். நகாசு முத்திரையின் குறுக்கே ஓடியிருக்கிறதா, முத்திரை நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை முதலில் விழுந்து, நகாசு பிறகு வந்தால்தான் அப்படி ஆகும். வடிவத்தையும் கவனிக்க வேண்டும். உண்மையான ரொகோகோவில் சுருள் பாத்திரத்தின் உருவத்தோடு வளைந்து போகும். பின்னால் அடித்ததில் பூக்கள் கிடைத்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பளீரென்று ஒரே சீரான வெண்மை இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய வெள்ளியில் மேடான இடங்களில் இளஞ்சாம்பல், ஊதா கலந்த நெருப்புக் கறை எங்காவது தெரியும். அது குறையே இல்லை. அந்தக் கறையோ பழுதோ மறைய வேண்டும் என்று மின்முலாம் பூசியிருந்தால்தான் அந்தச் செயற்கை வெண்மை வரும்.

மெழுகுவர்த்தித் தாங்கி

உறுதிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. அடித்தளம், தண்டு, குழி எல்லாம் வார்ப்பு. தண்டை இரு பாதிகளாக வார்த்து இணைத்ததால் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு தெரியும். அது நல்ல அறிகுறி. 1740-களில் 18 முதல் 22 செ.மீ. உயரம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 முதல் 25 அவுன்ஸ். கபே சகோதரர்களான ஜான், வில்லியம் இருவரும், கோல்ட் குடும்பத்தினரும் இதில் மட்டுமே பெயர் எடுத்தவர்கள். டி லாமெரியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அவர்களுடைய தாங்கிகள் கிடைக்கின்றன. நான்கு மூலையிலும் சிப்பி வைத்த அடித்தளம் இருந்தால் தயங்காமல் பாருங்கள்.

கவிழ்த்தால் உள்ளே குழிவாக, வெறும் வெள்ளியாக இருக்க வேண்டும். பச்சைத் துணியோ கருப்புத் தாரோ நிரப்பியிருந்தால் அது தகட்டில் அச்சடித்த பிற்கால வகை. முத்திரைகள் அடியில் மூலைக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். கழற்றக்கூடிய மெழுகுத் தட்டு இருந்தால் அதிலும் சிங்கமும் செய்தவர் முத்திரையும் வேண்டும்; தொலைந்து புதிதாகச் செய்தவையே ஏராளம்.

போலி இங்கே வார்ப்பாகவே வரும். உண்மையான ஒன்றை அச்செடுத்து வார்த்தால் முத்திரையும் சேர்ந்து வந்துவிடும். அப்படி வந்த முத்திரையின் ஓரங்கள் மழுங்கி, பூதக்கண்ணாடியில் மணல் துளைகள் தெரியும். நான்கு தாங்கிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கையால் அடித்த முத்திரை நான்கிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழவே விழாது. ஒரே கீறல் நான்கிலும் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வெள்ளி ஆறும்போது சுருங்குவதால் போலி அசலைவிடச் சற்றே குட்டையாகவும் இருக்கும்.

கேக் கூடையும் எபெர்னும்

கேக் கூடையின் பக்கச் சுவர் முழுக்க ரம்பத்தால் அறுத்த சல்லடை வேலை. விளிம்பில் கோதுமைக் கதிர், பூ, பூச்சி எல்லாம் வார்ப்பு. மேலே மடங்கும் கைப்பிடி. கனமான விளிம்பை மெல்லிய சல்லடை சுமப்பதால் வளைவுகளில்தான் முதலில் உடையும். ஒவ்வொரு கம்பிப் பாலத்தையும் வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்க்க வேண்டும். பழுதுபார்த்த இடம் சற்றே தடித்திருக்கும். கைப்பிடியின் கீல் தேய்ந்து ஆடினால் விளிம்பில் மோதிப் பூக்களைத் தேய்த்துவிடும். கைப்பிடியிலும் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ரொட்டியோ கேக்கோ வைக்க இன்றும் அருமையான பாத்திரம், ஆனால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்து நகர்த்துங்கள்.

எபெர்ன் என்பது நடுவில் ஒரு பெரிய கிண்ணம், சுற்றிலும் கிளைகள், கிளை நுனியில் சிறு தட்டுகளோ கூடைகளோ. கழற்றி மாட்டும் பொருள் என்பதால் பாகங்கள் தொலைவதும் வேறொன்றிலிருந்து மாற்றுவதும் சாதாரணம். ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு கூடையிலும் முத்திரை பார்த்து, கிளையைக் குழியில் பொருத்தும்போது எண்ணோ புள்ளியோ ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். முழுமை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் நியூடிகேட் எபெர்னைப் பாருங்கள். 1743-இல் சர் ராஜர் நியூடிகேட், சோஃபியா கான்யர்ஸ் திருமணத்துக்காக டி லாமெரி பட்டறை செய்தது. சிறு தட்டுகளைத் தாங்கும் கிளைகள் கிண்ணத்தின் உடலிலிருந்தே வளர்வதுபோல் இருக்கின்றன. ஒட்டவைத்த உணர்வே இல்லை.

அங்கேயே நிக்கோலஸ் ஸ்ப்ரிமாண்ட் செய்த ஆஷ்பர்னம் நடுமேசை அலங்காரமும் இருக்கிறது. லீஜ் நகரிலிருந்து வந்த ஸ்ப்ரிமாண்ட், வேல்ஸ் இளவரசர் ஃப்ரெடெரிக்குக்கு நண்டு, நன்னீர்ச் சிங்கி இறால் வடிவ உப்புக் கிண்ணங்களை 1742 வாக்கில் செய்தார். அவை அரச சேகரிப்பில் உள்ளன. சில ஆண்டுகளில் வெள்ளியை விட்டு செல்சி பீங்கான் ஆலைக்குப் போய்விட்டார். அதே இறால் பீங்கானிலும் வந்தது. ஒரு கைவினைஞர் ஒரு மூலப்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாணியைத் தூக்கிச் சென்றதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

சால்வரைச் சுருக்கமாக முடிக்கலாம்: விளிம்பு மட்டும் வார்ப்பாக, நடு வெறுமையாகவோ தட்டையான நகாசோடோ இருக்க வேண்டும், நடுவில் தட்டினால் தளர்ந்த ஒலி வந்தால் விட்டுவிடுங்கள். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு 3 அல்லது 4 அவுன்ஸ் எடையுள்ள மூன்று கால் வைத்த பால் குவளையே போதுமானது. தவறினாலும் நஷ்டம் சிறிது.

எங்கே வாங்குவது

சான்சரி லேனில் நிலவறையில் இருக்கும் லண்டன் சில்வர் வால்ட்ஸ் ஒரே இடத்தில் பல வணிகர்களைப் பார்க்க வசதியானது. எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கத் தயங்காதீர்கள். வெள்ளி விற்பவர் அதை எதிர்பார்த்தே நிற்கிறார். ரசீதில் செய்தவர், ஆண்டு, எடை, பழுது ஆகியவற்றோடு, பிற்கால மாற்றம் இல்லை என்ற வாசகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் இருக்கும். பிரிட்டனில் 1973 ஹால்மார்க் சட்டப்படி, முத்திரைக்குப் பிறகு அனுமதியின்றி மாற்றிய பாத்திரத்தை அப்படியே விற்கக் கூடாது. சந்தேகப் பொருள்களை லண்டன் பொற்கொல்லர் சங்கமான கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியின் பழம்பொருள் வெள்ளிக் குழு பரிசோதிக்கிறது.

மேசைக்கு மட்டும் என்றால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய ஆண்டு எழுத்தோடு நேர்மையாக வந்த நகல்களும் மோசமில்லை. எல்கிங்டன் நிறுவனத்தின் மின்வார்ப்பு நகல்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை செம்பின்மேல் வெள்ளி, உட்புறத்தில் சொரசொரப்பு தெரியும்.

பராமரிப்பு

விபூதி, புளி, பல்பொடி மூன்றும் வேண்டாம். நம் வீட்டுக் குத்துவிளக்குக்குப் போட்டுப் பழகிய கை இதற்கும் போடப் பார்க்கும். பொடி நகாசின் பள்ளத்தில் வெள்ளையாக இறுகி, எடுக்க ஊசி தேவைப்படும். மேடுகளோ தேய்ந்துகொண்டே போகும். முக்கி எடுக்கும் திரவமும் வேண்டாம். பள்ளத்தில் தங்கிய கருமைதான் சுருளுக்கு ஆழம் கொடுக்கிறது; திரவம் அதை அடியோடு எடுத்துவிடும்.

உப்புள்ள உணவு பட்டால் அன்றிரவே வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். கறுத்தால் வெள்ளிக்கான நுரை கிரீமை மென்மையான குதிரைமயிர்த் தூரிகையால் தேய்த்து நிறைய நீரில் அலசலாம். ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் தேவையில்லை. முத்திரை இருக்கும் இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். தாங்கியில் படிந்த மெழுகைக் கத்தியால் சுரண்டாமல் சுடுநீரில் வைத்து உருக்குங்கள். அமிலமற்ற மெல்லிய காகிதத்தில் சுற்றி, கறுப்பைத் தடுக்கும் துணிப்பையில் வையுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி எதுவும் அருகில் வேண்டாம். ரப்பரில் இருக்கும் கந்தகம் காகிதத்தைத் தாண்டியும் வெள்ளியில் கருங்கோடாகப் பதியும்.